முந்திக்கொண்ட பதில்

"ட்ர்ர்ர்ரீங்ங்ங்!"

கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அலறியது தீ எச்சரிக்கை மணி.

கேள்விக்காரி அப்போதுதான் அன்றைய மூன்றாவது கேள்வியைப் பாதி கேட்டிருந்தாள். "கூப்பிடாமலே கூட வரும், கூப்பிட்டா..." என்று இழுத்தவள் வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே கேமரா முறைத்தது. காதுக்குள் செருகியிருந்த கருவியில் தயாரிப்பாளர் கத்தினார்.

"நிறுத்தாதே! சமாளி! லைவ் போயிட்டிருக்கு!"

வாங்குகிற சம்பளத்துக்கு அவளும் சமாளித்தாள். "நேயர்களே, இந்த மணி உங்களுக்கு அடிச்சது இல்ல, எங்களுக்கு அடிச்சது. பயப்படாதீங்க!" என்று உதட்டளவில் சிரித்தாள். மேஜைக்கு மேலே சிரிப்பு. மேஜைக்குக் கீழே கால்கள் இரண்டும் செருப்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்த மறுகணமே செருப்பை உதறிவிட்டு, எழுந்திருக்கும்போது அதைத் தேடி அல்லாடுவது அவளுடைய பிறவிக் குணம்.

கேமராவுக்குப் பக்கத்தில் நேயர்களின் கமெண்ட் ஓடும் திரை. அதில் ஒரு வரி முளைத்தது.

'நூல்கண்டு: எழுந்து ஓடுடி. செருப்பைத் தேடிக்கிட்டு உக்காராதே.'

கேள்விக்காரிக்குக் குப்பென்று வியர்த்தது. மறுபடி படிக்க நேரமில்லை. வெறுங்காலோடு எழுந்து ஓடினாள்.

'பட்டுனு சொல்லு' என்ற அந்த நிகழ்ச்சி தினமும் நாலு மணிக்கு இணையத்தில் நேரலையாக வரும். அரை மணி நேரம். அவள் கேள்வி கேட்பாள். ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஃபோனில் பார்த்துக்கொண்டே பதிலைத் தட்டலாம். சரியான பதிலை முதலில் அனுப்புகிறவரின் பெயரை உரக்கச் சொல்லி, மேஜையில் இருக்கும் வெண்கல மணியை 'டங்' என்று ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான் பரிசு. அந்த ஒரு 'டங்'குக்காக பஸ்ஸில் தொங்குகிறவரும், பிள்ளைக்குச் சோறூட்டுகிறவளும், மேலதிகாரிக்குத் தெரியாமல் மேஜை இழுப்பறைக்குள் ஃபோனை வைத்திருப்பவரும் விழுந்தடித்துக்கொண்டு விளையாடினார்கள்.

யாரும் சொந்தப் பெயரில் வரமாட்டார்கள். தூங்குமூஞ்சி, கடன்காரன், மாமியாருக்குப் பயந்தவன், ராக்கெட் ராணி என்று ஆளுக்கொரு பட்டம். அவளுக்கும் அவர்கள் வைத்த பட்டம்தான் 'கேள்விக்காரி'. நாளடைவில் ஸ்டுடியோவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

நூல்கண்டு சில மாதங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த பெயர். வந்த நாளிலிருந்து மற்றவர்களுக்கு மணியடிக்க வாய்ப்பே தரவில்லை. கேள்வியின் கடைசி வார்த்தை அவள் வாயைவிட்டு இறங்குவதற்குள் பதில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லோரும் பதிலோடு பத்து வார்த்தை சேர்த்து எழுதுவார்கள். 'அழகா இருக்கீங்க', 'எங்க அம்மாவுக்கு ஒரு ஹாய் சொல்லுங்க', 'நேத்து என் பேரை ஏன் படிக்கல?' என்று உரிமையோடு சண்டை போடுவார்கள். நூல்கண்டு மட்டும் பதில். ஒரே வார்த்தை. அதற்குமேல் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

"நூல்கண்டு அவர்களே, ஒரு வணக்கமாவது போடக் கூடாதா?" என்று ஒருநாள் நேரலையிலேயே கெஞ்சிப் பார்த்தாள். மாமியாருக்குப் பயந்தவன் வணக்கம் போட்டான். ராக்கெட் ராணி வரிசையாக இதயம் போட்டாள். நூல்கண்டிடமிருந்து மூச்சு இல்லை. அடுத்த கேள்விக்கு மட்டும் முதல் ஆளாகப் பதில் வந்தது.

அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கேள்விக்காரியின் குரல் கொஞ்சம் குழையும். காரணம் இருந்தது. அவளுடைய அக்காவும் தையல்காரிதான்.

அம்மா அப்பா போனபிறகு தங்கையை வளர்த்தது அக்காவின் தையல் மெஷின். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் தலை பின்னிவிடும்போது அக்கா கேள்வி கேட்பாள். பின்னல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் முடியைச் சுண்டி ஒரு இழுப்பு. பின்னல் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தங்கை ஒற்றைச் செருப்போடு வீடு முழுக்கச் சுற்றுவாள். "செருப்பைத் தேடியே உனக்கு வயசாகப் போகுதுடி!" என்று அக்கா கத்துவாள். இன்றைக்கு ஊரே ரசிக்கும் இந்தக் கேள்வி கேட்கும் பாணி, அந்தக் குறும்பு, அந்த இழுவை எல்லாம் அங்கே கற்றதுதான். அக்கா கேட்ட பழைய விடுகதைகளை நடுநடுவே நிகழ்ச்சியில் நுழைத்தும் பார்த்தாள். எங்காவது, எப்படியாவது அக்கா காதில் விழாதா என்ற நப்பாசை.

ஆனால் அக்காவாவது, ஃபோனில் விளையாடுவதாவது! ஃபோன் அடித்தால் ஏதோ பூச்சி ஊர்ந்து வந்ததுபோல இரண்டு விரலால் தூக்கித் தங்கையிடம் நீட்டுகிறவள் அவள்.

தங்கை படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அக்கா அங்கேயே தேடிக்கொண்டு வந்தாள். மேக்கப் போட்ட முகத்தோடு நின்ற தங்கையை அத்தனை பேர் முன்னிலையில் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி வீட்டுக்கு. படிப்பை முடி. இந்தக் கூத்தெல்லாம் அப்புறம்."

தங்கைக்கு மானம் போனது. வாசலில் கையை உதறிக்கொண்டு கத்தினாள்: "இனிமே என்னைப் பாக்கவும் வேணாம், என்கிட்ட பேசவும் வேணாம். போ!"

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. போனாள். போனவள் போனவள்தான். கோபம் தணிந்து தங்கை ஓடியபோது வீடு பூட்டியிருந்தது. ஃபோன் எண் உபயோகத்தில் இல்லை. அக்காவின் ரோஷம் அப்படி. ஒரு சொல் பட்டால் அதை இரட்டைத் தையல் போட்டு மனசுக்குள் வைத்துக்கொள்வாள். மூன்று வருஷமாகத் தங்கை தினமும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய ஒருத்தி பார்க்கிறாளா என்பது மட்டும் தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. மேஜைக்குக் கீழே இருக்கும் கால்களைக் கேமரா காட்டுவதில்லை. செருப்பைத் தேடும் பழக்கம் நேயர்கள் யாருக்கும் தெரியாது. அவளை 'டி' போட்டு அதட்ட உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு.

தெருவில் ஸ்டுடியோ ஆட்கள் கும்பலாக நின்றார்கள். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் கேமராக்காரர் சமையலறையில் பிரெட்டைச் சூடுபண்ணப் போட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறார். அது கரியாகி, புகை கிளம்பி, மணி அடித்திருக்கிறது.

"பசிக்கு ரெண்டு துண்டு பிரெட் சுட்டது ஒரு குத்தமா?" என்றார் கேமராக்காரர்.

"நீ சுட்டது பிரெட்டை இல்லய்யா, என் மானத்தை" என்றார் தயாரிப்பாளர்.

கேள்விக்காரி எதையும் காதில் வாங்கவில்லை. தெருவில் நின்ற ஒவ்வொரு பெண்ணின் முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க பாருங்க ஒரு வேடிக்கையை!" வயர் மாமா வந்தார். ஒலி, ஒளி, இணைய இணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு வயர் மாலை தொங்கும். கையிலிருந்த ஃபோனை நீட்டினார். "மணி அடிச்ச உடனே இந்த நூல்கண்டு 'ஓடுடி'ன்னு போட்டிருக்கு. மத்தவங்க எல்லாம் 'என்ன சத்தம், என்ன ஆச்சு'ன்னு அதுக்கு எவ்வளவோ கழிச்சுத்தான் கேக்கறாங்க."

"அதனால?"

"என்ன சார் அதனால? நாம இங்க பேசுறது ஜனங்க ஃபோனுக்குப் போய்ச் சேரவே எட்டு விநாடி ஆகும். மணிச் சத்தம் இன்னும் கட்டடத்தை விட்டே வெளிய போகல. அதுக்குள்ள இவங்களுக்கு எப்படித் தெரியும்? நூல்கண்டு நம்ம கட்டடத்துக்குள்ளதான் இருக்கு!"

தயாரிப்பாளரின் முகம் கறுத்தது. "அப்ப இத்தனை நாளா முதல் பதில் வந்ததெல்லாம்..."

"எல்லாருக்கும் எட்டு விநாடிக்கு முன்னாடியே கேள்வி காதுல விழுந்திருக்கு. நான்கூட நல்ல இணைப்பு போலிருக்குன்னு நெனச்சேன்."

"உள்ளாளை வச்சு விளையாடுறோம்னு எவனாவது கிளப்பிவிட்டா, கடையைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்." தயாரிப்பாளர் தன் ஃபோனை எடுத்து நாலு தட்டு தட்டினார். "பிளாக் பண்ணியாச்சு. தொலைஞ்சது நூல்கண்டு."

"சார், வேணாம்!" என்று கேள்விக்காரி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

"ஏம்மா பதறுறே? தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா சார்."

"அக்காவா? உனக்கு அக்கா இருக்கிறதா ஒருநாளும் சொன்னதில்லையே."

"சொல்ற நெலமையில நான் இல்ல சார்." அவர் கையிலிருந்த ஃபோனைக் காட்டினாள். "அதை எடுத்துடுங்க."

"உடனே எடுக்க முடியாதும்மா. மேலிடத்துல சொல்லணும், அவங்க பாக்கணும்..."

"அவ ஃபோன்ல இப்ப என்னன்னு வரும்?"

தயாரிப்பாளர் வயர் மாமாவைப் பார்த்தார். வயர் மாமா தன் கழுத்து வயரைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாமா."

"நிகழ்ச்சி உன் பேர்லதானேம்மா நடக்குது... 'கேள்விக்காரி உங்களை வெளியேற்றிவிட்டார்'னு வரும்."

கேள்விக்காரி தயாரிப்பாளரின் கையை விட்டாள். ஒருமுறை வாயால் விரட்டினாள். மூன்று வருஷம் அக்கா கண்ணில் படவில்லை. இப்போது தங்கையின் உயிரைக் காப்பாற்ற ஒரு வார்த்தை எழுதினாள். அடுத்த நிமிஷமே மறுபடி விரட்டல். அக்கா யாரையும் விளக்கம் கேட்கிறவள் இல்லை. பேசாமல் எழுந்து போகிறவள். இன்றைக்குப் போனால் இனி எந்தக் கேள்வியைக் கேட்டு அவளைக் கண்டுபிடிப்பது?

"மாமா, கட்டடத்துக்குள்ளன்னா எங்க? நம்ம அறைதான் பஞ்சு ஒட்டி அடைச்சது ஆச்சே, சத்தம் எப்படி வெளிய போகும்?"

"எல்லாத்தையும் அடைச்சேன். உன் மேஜைக்கு அடியில இருக்கிற பழைய ஏசி குழாயை மட்டும் விட்டுட்டேன். அது நேரா கீழ போகுது. அதுலதான் பகலெல்லாம் ஒரு கர்ர்ர் சத்தம் வந்து உயிரை வாங்குது. ஆனா ஒண்ணு, நாலு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் தானா அடங்கிடும். என் கைராசி அப்படி!"

"கீழ என்ன இருக்கு?"

"பின் தெருப் பக்கம் வாசல் வச்ச தையல் கூடம். சீருடை தைக்கிறாங்க. சில மாசம் முன்னாடி குடிவந்தாங்க..."

மிச்சத்தைச் சொல்ல எதிரில் ஆள் இல்லை. "ஏய், செருப்பு!" என்று கேமராக்காரர் கூவியது தெருமுனையோடு நின்றுபோனது.

மூலை திரும்பி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, கல்லும் முள்ளும் பாராமல் ஓடினாள். மேக்கப் போட்ட முகத்தோடு வெறுங்காலில் ஓடுகிறவளைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டார். "அட, நம்ம கேள்விக்காரி! என்னங்க, இன்னைக்கு ஓட்டப் பந்தயமா?" அவள் நிற்கவில்லை.

தையல் கூடத்தில் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. வெளியே போய் வந்தவர்கள் மணியைப் பற்றிப் பேசிச் சிரித்தபடி துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசலருகே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"யாரும்மா நீ? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு."

"இங்க... குழாய்க்குப் பக்கத்துல உக்காந்து தைக்கிறவங்க..."

"மூலைக்காரியா? அந்த மூலையில காத்தே வராது, வெந்து சாகணும். ஒருத்தியும் உக்கார மாட்டேன்னா. இவங்க மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நாலு மணி ஆனா மெஷினை நிறுத்திட்டு அரை மணி நேரம் கையால பட்டன் தைப்பாங்க. என்ன கணக்கோ!" அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு மணியடிச்சப்ப எல்லாரும் ஓடினோம், இவங்க மட்டும் குழாய்ல காதை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மேல நாற்காலி தள்ளுற சத்தம் கேட்டப்புறம்தான் வெளிய வந்தாங்க. இப்ப என்னடான்னா, வேலையை விட்டுட்டுப் போறேங்கறாங்க. என்ன ஏதுன்னு கேட்டா வாயைத் திறக்கல."

கேள்விக்காரி மெஷின்களுக்கு நடுவே நடந்தாள். கடைசி மூலை. சுவரோடு இறங்கிய பெரிய தகரக் குழாய். அதன் கீழே, முதுகைக் காட்டியபடி அக்கா. கத்தரியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அளவு நாடா, பட்டன் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன. தலையில் முன்னைவிட நரை கூடியிருந்தது.

மெஷின் பலகைமேல் அக்காவின் ஃபோன் கிடந்தது. அதைப் பார்த்ததும் கேள்விக்காரி நின்றுவிட்டாள்.

ஃபோன் திரையின் மேல்பாதியில் ஒரு துண்டுச் சீருடைத் துணி ஒட்டியிருந்தது. ஓரம் மடித்து, நேர்த்தியாக வெட்டிய துணி. நிகழ்ச்சியில் கேள்விக்காரியின் முகம் வரும் இடம் அது. கீழ்ப்பாதி, கமெண்ட் தட்டும் இடம், மட்டும் திறந்திருந்தது. அங்கே அந்த வரி நின்றது: 'கேள்விக்காரி உங்களை வெளியேற்றிவிட்டார்.'

"அக்கா."

பைக்குள் இருந்த கை அசையாமல் நின்றது. அக்கா திரும்பினாள். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. அவள் பார்வை தரையிலேயே இருந்தது. தங்கையின் வெறுங்காலில், கட்டைவிரலோரம் கசிந்த ரத்தத்தில் நிலைத்தது. தன் செருப்பைக் கழற்றி, காலாலேயே தங்கையின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உன்னை நான் வெளியேத்தலக்கா. சத்தியமா நான் இல்ல. அவங்க பண்ணிட்டாங்க."

பக்கத்து மெஷின்கள் ஒன்றொன்றாக ஓய்ந்தன. கூடமே இந்த மூலையைப் பார்த்தது.

"அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மறுநாளே வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு. உன் விடுகதையெல்லாம் ஊருக்குக் கேட்டேனே, யாருக்காகன்னு நெனச்சே? இன்னைக்கு 'ஓடுடி'ன்னு சொன்னியே, அதே மாதிரி இன்னும் ஒரு வார்த்தை சொல்லேன்."

அக்காவின் உதடு துடித்தது. திறக்கவில்லை. நிமிரவும் இல்லை.

கேள்விக்காரிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அக்காவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். வெட்டுத் துணிகளைக் காலால் ஒதுக்கி, அக்காவின் முக்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாட்களில் உட்காருவதுபோல, அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி.

"சரி, என்னைப் பாக்காதே. முதுகுதான் இருக்கு. கேள்வி கேக்கறேன், நீ எப்பவும் போல பதில் மட்டும் சொல்லு." முடியை முதுகுப் பக்கம் அள்ளிப் போட்டாள். "கண்ணாலயும் பாக்காம, வாயாலயும் பேசாம, இந்த வேக்காட்டுல உக்காந்து தினமும் எதுக்குக்கா என் குரலைக் கேட்டே?"

பிறகு முக்காலி கிரீச்சிட்டது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள் பின்னாலிருந்து வந்து, அவிழ்ந்து கிடந்த அவள் முடியை மூன்றாகப் பிரித்தன. வெடுக்கென்று ஒரு இழுப்பு.

"பாக்காதே, பேசாதேன்னுதானடி சொன்னே... கேக்காதேன்னு சொல்லலையே."